கள்ளுக்கும் ஒரு மேசை வேணும்

பாரிஸ் நகரத்தின் 18ஆம் வட்டாரத்தில், மொன்மார்த்ர் குன்றின் சரிவில் ஒரு முந்திரிகைத் தோட்டம் இருக்கு. பரப்பளவு ஏறக்குறைய 1,500 சதுர மீற்றர்தான். எங்கட கணக்கில சொன்னால் ஆறு பரப்புக் காணி. அந்த இடத்தில் கட்டடம் எழும்பிவிடக்கூடாது என்று அயலில் இருந்தவர்கள் எதிர்த்து நின்றதால், 1933இல் அங்கே முந்திரிகை நடப்பட்டது. 1934இல் முதல் அறுவடைத் திருவிழா நடந்தது. இப்போது ஒவ்வொரு ஒக்டோபரிலும் அந்தச் சின்னக் காணியின் பெயரால் குன்று முழுக்கக் கொண்டாட்டம். பிரான்ஸின் வெவ்வேறு பகுதிகளில் இருந்து வைன் செய்பவர்கள் வந்து கடை போடுவார்கள். வாறவர்கள் ஒரு வாய் குடித்துப் பார்த்து, செய்தவரிடமே கேள்வி கேட்பார்கள். ஆறு பரப்பில் வரும் வைன் அப்படியொன்றும் திறமில்லை என்று பாரிஸ்காரரே பகிடி விடுவினம். ஆனாலும் அது விலைபோகும், அந்தக் காசு வட்டாரத்தின் சமூகப் பணிகளுக்குப் போகும்.

அதே 18ஆம் வட்டாரத்தில்தான் மாணிக்க விநாயகர் ஆலயமும் இருக்கு. லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவும் பக்கத்திலதான். எங்கட குழுவில் பாதிப்பேருக்கு அங்கால ஒரு மாமாவோ சித்தியோ இருக்கினம். ஒக்டோபர் வந்தால் வட்ஸ்அப்பில் படம் வரும். கையில் கிளாஸ், பின்னால் குன்று, முகத்தில் சிரிப்பு. படத்தைப் பார்த்து ஊரில் ஒருத்தரும் முகம் சுளிக்கிறதில்லை. "மாமா அந்த நாட்டு வாழ்க்கைக்குப் பழகிட்டார்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். ஆனால் அதே மாமா விடுமுறைக்கு ஊருக்கு வந்து, ஒரு போத்தல் பனங்கள்ளுக்கு ஆசைப்பட்டால் என்ன நடக்குது? போத்தலைக் கறுப்புப் பையில் சுற்றி, பின்வேலியால் கொண்டுவரச் சொல்லுவார். கொண்டுவாறவரும் முன்படலையால் வரமாட்டார்.

இந்த இரண்டு படங்களுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைப் பற்றித்தான் எழுதுறம். நாங்கள் சொல்ல வாறது ஒன்றுதான்: யாழ்ப்பாணத்துக்கும் தன்ர மண்ணில் விளைஞ்ச குடிபானம் இருக்கு. அதை வெளிச்சத்தில் வைத்துச் சுவைக்கிற ஒரு நாள் வருசத்தில் வேணும். அந்த நாளில் மேசைக்குப் பின்னால் நிற்க வேண்டியவர் சீவல் தொழிலாளி. அவர் இல்லாவிட்டால் அந்த நாளும் வேண்டாம்.

ஒரு வைன் திருவிழாவில் என்ன இருக்கு?

வைன் திருவிழா என்றால் பணக்காரர் கிளாஸைச் சுழற்றி மணந்து பார்க்கிற இடம் என்றுதான் சினிமா எங்களுக்குக் காட்டியிருக்கு. அப்படியான இடங்களும் உண்டு. ஆனால் இந்த வழக்கத்தின் நல்ல பக்கம் வேறொன்று. கடையில் போத்தல் வாங்கும்போது எங்களுக்கும் பொருளுக்கும் இடையில் லேபிளும் விலையும் மட்டும்தான் இருக்கும். திருவிழாவில் செய்தவர் எங்களுக்கு முன்னால் நிற்பார். எந்தச் சரிவில் விளைஞ்சது, அந்த வருசம் மழை எப்படி, ஏன் இந்தப் போத்தல் கொஞ்சம் புளிக்குது என்று அவர் பதில் சொல்ல வேணும். குடிக்கிறவரும் ஒரு உழைப்பைப் பார்த்துவிட்டுத்தான் குடிக்க வேணும்.

இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோன ஊர் சுவிற்சர்லாந்தில் இருக்கு. ஜெனிவா ஏரிக்கரையில் வெவே என்று ஒரு பட்டணம். அங்கே முந்திரிகைத் தொழிலாளர் திருவிழா ஏறக்குறைய ஒரு தலைமுறைக்கு ஒருதரம் நடக்கும். கடைசியாக நடந்தது 2019இல், அதற்கு முன் 1999இல். 2016இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. இந்தத் திருவிழா எப்படித் தொடங்கியது என்பதுதான் எங்களுக்கு முக்கியம். வெவேயில் ஒரு சங்கம் இருக்கு. அதன் ஆட்கள் தோட்டம் தோட்டமாகப் போய், தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் கொடிகளை எப்படிப் பராமரிக்கினம் என்று பார்த்துத் தரம் போடுவார்கள். திறமாக வேலை செய்தவர்களுக்கு 1797இல் ஊர் முன்னால் முடி சூட்டினார்கள். தோட்டச் சொந்தக்காரருக்கு இல்லை, அடுத்தவர் காணியில் கைவலிக்க வேலை செய்தவருக்கு முடி. அதில் இருந்து வளர்ந்ததுதான் இன்றைய பெருவிழா.

சுவிஸில் இருக்கிற எங்கட சனத்திலும் இதைப் பார்த்தவர்கள் இருப்பினம். அதைப் பார்த்துவிட்டு, "எங்கட ஊரில பனை ஏறுறவருக்கு எப்ப முடி சூட்டினம்?" என்று ஒருத்தராவது யோசித்திருப்பினமா?

எங்களுக்கும் ஒரு வைன் இருக்கு

யாழ்ப்பாணத்தில் முந்திரிகை புதிசில்லை. கோடையில் நீர்வேலி, உரும்பிராய்ப் பக்கம் போனால் பந்தலில் கறுப்புக் குலைகள் தொங்கும். செம்பாட்டு மண்ணும் கிணற்றுத் தண்ணியும் வெயிலும் அந்தக் கொடிக்குப் பிடித்திருக்கு. அந்த முந்திரிகையை வைனாக்கிய பெயர் தோலகட்டி. வசாவிளான் பக்கம் தோலகட்டியில் 1928இல் அருட்தந்தை பி. ஏ. தோமஸ் அடிகள் செபமாலைத் தாசர் சபையைத் தொடங்கினார். செபமும் கைவேலையுமாக வாழுற துறவிகள். கத்தோலிக்கப் பூசைக்குத் தேவையான வைன் கலப்பில்லாத முந்திரிகைச் சாற்றில்தான் செய்யப்பட வேணும் என்பது திருச்சபைச் சட்டம். அதனால் துறவிகள் முந்திரிகை வளர்க்கிறது உலகம் முழுக்க இருக்கிற வழக்கம்தான். எங்கட ஊரில் அந்த வழக்கம் தோலகட்டி நெல்லிரசமாகவும் முந்திரிகைச் சாறாகவும் வைனாகவும் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது.

1990இல் வலிகாமம் வடக்குச் சனம் இடம்பெயர்ந்து, அந்தப் பகுதி உயர் பாதுகாப்பு வலயமானது. காணிகள் துண்டு துண்டாக விடுபட்டது போர் முடிஞ்ச பிறகுதான். ஆனால் தோலகட்டி என்ற பெயர் சனத்தின் வாயில் இருந்து போகவில்லை. இன்றைக்கும் கொழும்புத்துறை வீதியில் உள்ள செபமாலைக் கன்னியர் மடத்துக்குப் போனால் றோசெற்றோ என்ற வைனை வாங்கலாம். கறுவாவும் கராம்பும் மணக்கும் இனிப்பு வைன். வெளிநாட்டுப் பயணிகளின் வழிகாட்டிப் புத்தகங்களிலும் அந்த மடத்தின் பெயர் வந்திருக்கு.

இதில் ஒரு விசயத்தைக் கவனியுங்கோ. சைவக் குடும்பங்களிலும் தோலகட்டி என்று சொன்னால் மரியாதை இருக்கு. "சிஸ்டர்மார் செய்யிறது" என்று சொன்னால் அம்மம்மாவும் ஒரு வாய் எடுத்துப் பார்ப்பா. அதுவும் புளிச்சு, நுரைச்சு வந்த மதுதான். அதை மதிக்க வைக்கிறது போத்தலுக்குள் இருக்கிறது இல்லை, அதைச் செய்த கைகளுக்கு ஊர் கொடுக்கிற மரியாதைதான்.

சிஸ்டர்மாரின் உழைப்புக்கு இந்த மரியாதை சரியானதுதான். அதே மரியாதை இன்னொரு கைக்கு ஏன் போகவில்லை என்றதுதான் எங்கட கேள்வி.

பனையின் வைன்

கள்ளை நாங்கள் வைன் என்று சொல்லக் காரணம் இருக்கு. முந்திரிகைச் சாறு புளிக்கிறதும் பனஞ்சாறு புளிக்கிறதும் ஒரே வேலைதான். நொதி சீனியைத் தின்று மதுவாக்குது. வைனில் அந்த மது நூற்றுக்குப் பன்னிரண்டு அளவில் இருக்கும். கள்ளில் நாலு, ஐந்து, ஆறு. ஆங்கிலத்தில் இதைப் பனை வைன் என்றுதான் சொல்லுறாங்கள். நாங்கள்தான் அப்படிச் சொல்ல வெட்கப்படுறம்.

வேலையைப் பாருங்கோ. தை, மாசியில் பாளை வரத் தொடங்கும். தொழிலாளி காலில் தளைநார் போட்டு, இடுப்பில் பாளைக்கத்தி கட்டி ஏறுவார். பாளையைக் கட்டி, நசுக்கி, நுனியை மெல்லிசாகச் சீவி, முட்டி கட்டிவிட்டு இறங்குவார். காலையும் மாலையும் ஏற வேணும். ஒரு நாள் விட்டாலும் சீவின வாய் காய்ஞ்சு, சாறு நின்றுபோகும். மழையென்றாலும் காய்ச்சல் என்றாலும் மரம் காத்திருக்காது. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் சாறு புளிக்காமல் கருப்பநீராக இறங்கும். தமிழ்நாட்டில் இதைப் பதநீர் என்பார்கள். அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. சுண்ணாம்பு பூசாவிட்டால் முட்டிக்குள்ளேயே காற்றிலும் பாளையிலும் இருக்கிற நொதி வேலையைத் தொடங்கிவிடும். முந்திரிகை வைன் மாதக்கணக்கில் எடுக்கிற பயணத்தைக் கள்ளு ஒரு இரவில் முடிக்கும். அடுத்த நாள் அது வினாகிரிப் பக்கம் போய்விடும்.

இந்த அவசரம்தான் கள்ளின் அழகும் அதன் சாபமும். தூரத்துக்குக் கொண்டுபோக முடியாது, ஆண்டுக்கணக்கில் வைத்து விலை ஏற்ற முடியாது. சூடாக்கிப் போத்தலில் அடைத்தால் நிற்கும், ஆனால் மரத்தடியில் குடித்தவர் அதைக் கள்ளு என்று ஒப்புக்கொள்ள யோசிப்பார்.

போன பங்குனியில் நாங்கள் ஏழு பேர் வடமராட்சியில் ஒரு தொழிலாளியின் வளவுக்கு விடியப்புறம் போனோம். நாலு பெடியள், மூன்று பெட்டையள். எங்களில் இரண்டு பேர் மதுவே தொடாதவர்கள், அவர்களுக்குக் கருப்பநீர். பனையோலையை மடித்துப் பிளா செய்து தந்தார். ஆறரைக்கு இறக்கின கள்ளு இனிப்புத்தான் கூட, அடியில் மெல்லிய நுரை, நாக்கில் இளநீரின் ஞாபகம். ஒன்பதரைக்கு அதே கள்ளில் புளிப்பு ஏறி, இனிப்பும் புளிப்பும் சமமாக நின்றது. எங்களுக்குப் பிடித்தது அந்த நேரம்தான். மத்தியானம் அது கூர்மையாகி, மூக்கில் ஏறத் தொடங்கியது. பக்கத்தில் ஒரு கிளாஸ் றோசெற்றோவையும் வைத்து ஒப்பிட்டோம். அது இனிப்பில் தொடங்கி மசாலாவில் முடியுது. கள்ளோ ஒரே காலையில் மூன்று தரம் ஆளை மாற்றிக் காட்டுது. வைன் சுவைக்கிறவர்கள் வருசக்கணக்கில் தேடுற மாற்றத்தை ஆறு மணித்தியாலத்தில் பார்த்தோம்.

அதைவிட எங்களைப் பிடித்தது அவர் சொன்ன விளக்கம். எந்த மரம் இனிப்பு, எது தண்ணித்தன்மை, ஆண்பனைக்கும் பெண்பனைக்கும் சீவுறதில் என்ன வித்தியாசம், எந்தக் காற்றுக்குச் சாறு குறையும் என்று ஒவ்வொரு மரத்தையும் ஆளை அடையாளம் சொல்லுற மாதிரிச் சொன்னார். ஒற்றைப் பனைக் கள்ளு என்று ஊரில் சொல்லுவினமே, ஒரே மரத்தின் கள்ளை வேறு மரத்தோடு கலக்காமல் எடுத்து, மருந்து மாதிரி ஒரு மண்டலம் குடிக்கிறது. அது மருந்தா இல்லையா என்ற வாதத்துக்கு நாங்கள் வரவில்லை. ஆனால் ஒரு மரத்தின் சுவையைத் தனியாகக் கேட்டு வாங்கத் தெரிந்த ஊர் இது. ஒரே தோட்டத்து முந்திரிகையில் மட்டும் செய்தது என்று பிரான்ஸில் போத்தலில் எழுதிக் கூடுதல் விலைக்கு விற்கினம். அந்தச் சுவையறிவு எங்களிட்ட ஏற்கெனவே இருக்கு. அதற்குப் பெயரும் இருக்கு. இல்லாதது மேசை மட்டும்தான்.

வலிகாமத்தில் செம்பாட்டு மண், வடமராட்சி கிழக்கில் மணல், தீவுப்பக்கம் உப்புக்காற்று. இந்த வித்தியாசம் கள்ளில் தெரியுமா? நாலு ஊர்க் கள்ளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்த்தால்தானே சொல்லலாம்.

ஏன் வேலிக்குப் பின்னால்?

காரணம் எல்லாருக்கும் தெரியும், கதைக்கத்தான் ஆளில்லை. யாழ்ப்பாணத்தில் பனை ஏறிக் கள்ளு இறக்கினது சாதியால் ஒடுக்கப்பட்ட மக்கள். எந்தச் சமூகங்கள் என்று இங்கே எழுதத் தேவையில்லை. எழுதாமலே எல்லாருக்கும் விளங்குது என்றதுதான் பிரச்சினை.

ஒரு காலத்துத் தேநீர்க்கடைகளை நினைத்துப் பாருங்கோ. மற்றவர்களுக்குப் பேணி, இவர்களுக்குப் போத்தலோ தகரமோ, அதுவும் வாசலுக்கு வெளியே. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும் அது நடந்தது. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்தில் இருந்து புறப்பட்ட ஊர்வலமும், அதன் பின் தேநீர்க்கடைகளிலும் மாவிட்டபுரம் மாதிரிக் கோயில் வாசல்களிலும் நடந்த போராட்டங்களும்தான் அந்தக் கதவுகளைத் திறந்தன. கே. டானியலின் நாவல்களை வாசித்தவர்களுக்கு அந்தக் காலம் எப்படியிருந்தது என்று தெரியும்.

அதே காலத்தில், பொழுதுபட்டால் அந்தத் தொழிலாளியின் வளவுக்குப் போய், அவர் கையால் பிளாவில் கள்ளு வாங்கிக் குடித்தவர்கள் யார்? தேநீர்க்கடையில் அவருக்குத் தனிப் போத்தல் வைத்தவர்களும் அதில் இருந்தார்கள். கள்ளில் தீட்டு இல்லை, இறக்கினவரில் மட்டும் தீட்டு. குடித்துவிட்டு எறிஞ்சுபோகிற ஓலைப் பிளா அந்தப் பொய்க்கு வசதியாக இருந்தது, பாத்திரத்தைப் பகிர வேண்டிய தேவை இல்லைத்தானே.

கறுப்புப் பையும் பின்வேலியும் அந்தக் காலத்தின் மிச்சம். கூச்சம் மதுவைப் பற்றினது என்றால் சாராயப் போத்தலுக்கும் அதே கூச்சம் இருக்க வேணும். ஆனால் கலியாண வீட்டுப் பின்வளவில் வெளிநாட்டு விஸ்கிப் போத்தல் மேசையில் நிமிர்ந்து நிற்குது. கடல் கடந்தும் இதே கதைதான். தமிழ்நாட்டில் பனை மாநில மரம். ஆனால் 1987 முதல் கள்ளுக்குத் தடை. அரசாங்கமே நடத்துற டாஸ்மாக் கடையிலோ பிரண்டியும் விஸ்கியும் கிடைக்கும். மரத்துக்கு மாலை போட்டுவிட்டு, மரம் ஏறுகிறவரின் கையைக் கட்டினால் அது என்ன மரியாதை?

பெட்டையள் எங்கே நின்று குடிக்கிறது?

வடமராட்சிக்கு வந்த மூன்று தோழிகளும் கள்ளின் சுவையைத் தெரிஞ்சுகொண்டது அன்றைக்குத்தான். தவறணைக்கு அவர்கள் போக முடியாது. பெண்களுக்கு மது விற்கக்கூடாது என்று 1979இல் இருந்து ஒரு விதி இருந்தது. 2018 தையில் அப்போதைய நிதி அமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். ஒரு கிழமைக்குள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தைத் திரும்பப் பெற வைத்தார். அப்போது நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அந்தச் சில நாள்களில் பெண்கள் எல்லாரும் குடிக்கப் போகினம் என்று பெரியவர்கள் பதறினது இப்பவும் ஞாபகம். விதி எழுத்தில் எப்படியிருந்தாலும், தவறணை வாசலில் ஒரு பெண் நிற்கக்கூடாது என்று ஊர் தன்பாட்டில் தீர்மானித்து வைத்திருக்கு.

கன்னியர் மடத்தில் பெண்கள் வைன் செய்யிறதை ஊர் மதிக்குது. தொழிலாளியின் வீட்டில் கருப்பநீர் காய்ச்சிப் பனங்கட்டி பிடிக்கிறதும் பெரும்பாலும் பெண்கள்தான். அடுப்புப் புகையில் இருக்கலாம், சுவைக்கிற இடத்தில் நிற்கக்கூடாது. பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க, குடும்பத்தோடு வரக்கூடிய ஒரு இடம் இருந்தால் இந்தப் பிரிவு கொஞ்சமாவது உடையும்.

குடியைக் கொண்டாடுறமா?

"போருக்குப் பிறகு வடக்கே குடியில் அழியுது, நீங்கள் கள்ளுக்குத் திருவிழா கேட்கிறியளே?" இதை எங்கட குழுவுக்குள்ளேயே கேட்டார்கள். லேசாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை. குடியால் அடி வாங்குற தாய்மாரையும், அப்பாவின் குடியால் படிப்பை விட்ட பெடியளையும் நாங்கள் எல்லாரும் அறிவோம். கள்ளைக் குடித்தும் ஆள் நாசமாகலாம். கள்ளு உடம்புக்கு நல்லது, அதனால் அளவில்லாமல் குடிக்கலாம் என்ற கதையை நாங்கள் நம்பவில்லை.

ஆனால் குடியை ஒளிச்சு வைத்ததால் இந்த ஊரில் குடி குறைஞ்சிருக்கா? ஒளிப்பிடம் கசிப்புக்குத்தான் வசதி. கெதியாக, தனியாக, வெறிக்க மட்டும் குடிக்கிற பழக்கம் அங்கேதான் வளருது. சுவைக்கிறது வேறு பழக்கம். ஒரு வாய் எடுத்து, இது எந்த மரம், ஏன் புளிக்குது என்று கேட்கிற இடத்தில் மூன்றாவது போத்தலுக்கு அவசரம் இருக்காது. ஒரு சுவைநாள் எல்லாரையும் திருத்திவிடும் என்று சொல்ல வரவில்லை. மதுவைப் பற்றி வெட்கமும் வீம்பும் இல்லாமல் கதைக்க ஒரு இடமாவது கிடைக்கும்.

சட்டமும் இருக்கு. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை, மதுசார அதிகாரசபைச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைஞ்சவர்களுக்கு மது விற்க முடியாது, மது விளம்பரமும் செய்ய முடியாது. எங்களுக்கு இந்தச் சட்டத்தோட சண்டை இல்லை. விளம்பரம் இல்லை என்றால் பெரிய மதுக் கொம்பனிகள் பதாகையோடு வந்து இந்த நாளைப் பறிக்க முடியாது. அது நல்லதுதான்.

ஆள் இல்லாத பாரம்பரியம்

எங்களுக்கு உண்மையில் பயம் வேறொரு பக்கத்தில். கள்ளு இனி நாகரிகமாகப் போகுது. சுற்றுலா விடுதிகளில் வடிவான கிளாஸில் பனங்கள்ளுக் கலவை வரும், மெனுவில் பாரம்பரியம் என்று எழுதியிருக்கும். அதற்கு நாங்கள் எதிரி இல்லை. ஆனால் அந்தப் பாரம்பரியத்தில் மரம் இருக்கும், முட்டி இருக்கும், பிளா இருக்கும். ஏறினவரின் பெயர் இருக்காது. வடக்கில் ஜூலையில் பனை எழுச்சி வாரம் என்று ஒன்று கொண்டாடினம். கண்காட்சியில் பனங்கட்டி, பனாட்டு, ஒடியல் மா, ஓலைப் பெட்டி எல்லாம் இருக்கும். நல்ல முயற்சிதான். ஆனால் பனையின் புகழ் பாடுறது சுகம், பனை ஏறுகிறவரோடு ஒரு மேசையில் இருக்கிறதுதான் கஷ்டம்.

பனை அபிவிருத்திச் சபை 1978இல் வந்தது. அதற்கு முன்பே, எழுபதுகளின் தொடக்கத்தில், பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் உருவாகின. தவறணையைக் குத்தகைக்காரர் கையில் இருந்து எடுத்துத் தொழிலாளர் சங்கத்தின் கையில் கொடுத்தது சின்ன மாற்றம் இல்லை. சங்கங்கள் வந்ததால் பிள்ளைகள் படித்தார்கள், வீடுகள் கல்வீடாகின. அந்தப் பிள்ளைகளில் பலர் இன்று மரம் ஏற விரும்பவில்லை. ஏன் விரும்ப வேணும்? விழுந்தால் இடுப்பு உடையும், விழாவிட்டாலும் ஊரில் பெயர் உடையும். எங்களோட கம்பஸில் படிக்கிறவர்களிலும் அப்பாவின் தொழிலைச் சொல்லத் தயங்குறவர்கள் இருக்கினம். பாரம்பரியத்தைக் காப்பாற்ற நீ மரத்தில் ஏறு என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. ஏறுகிறவருக்கு மரியாதையும் காசும் பாதுகாப்பும் இருந்தால், ஏற விரும்புகிறவர் தானாக வருவார். இல்லாவிட்டால் மரம் நிற்கும், கள்ளு இருக்காது.

நாங்கள் கேட்கிறது

பெரிய மேடை வேண்டாம். அமைச்சர் நாடா வெட்ட வேண்டாம். சித்திரை வருசப் பிறப்புக்குப் பிறகு வாற ஒரு சனிக்கிழமை காலை போதும். வெயில் ஏற முதல் தொடங்கி, மத்தியானம் முடிய வேணும், கள்ளின் மூன்று முகத்தையும் பார்க்க அந்த நேரம் காணும். வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று நாலு மேசை. ஒவ்வொரு மேசையிலும் அந்தப் பகுதிச் சங்கத்தின் தொழிலாளி தன் பெயரை எழுதி வைத்து நிற்பார். எந்த மரம், எப்ப இறக்கினது என்று அவர் சொல்லுவார், நாங்கள் கேட்போம். ஐந்தாவது மேசையில், சிஸ்டர்மார் சம்மதித்தால், றோசெற்றோவும் நெல்லிரசமும். குடிக்காதவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் கருப்பநீரும் பனங்கட்டியும் வேறொரு பந்தலில். கள்ளு 21 வயதுக்கு மேல் மட்டும், சின்னப் பிளாவில், அளவோடு. உள்ளே வாற காசு சங்கத்துக்கு. அதில் ஒரு பங்கு மரத்தில் இருந்து விழுந்தவர்களின் வைத்தியத்துக்கும் காப்புறுதிக்கும் என்று முன்கூட்டியே எழுதி ஒட்ட வேணும்.

இதற்கு அனுமதி எடுக்கிற வேலை சுலபமில்லை என்று தெரியும். மதுவரித் திணைக்களம், பிரதேச செயலகம், சங்கங்கள் என்று ஏறி இறங்க வேணும். கலைப்பீடத்துப் பெடியள் பெட்டையள் கள்ளுக்கு அலையினம் என்று கதையும் கட்டுவாங்கள். கட்டட்டும். முதல் வேலையாகச் சங்கங்களோட கதைக்கப் போறம், அவர்கள் வேண்டாம் என்றால் இந்த யோசனை அதோட முடிஞ்சுது. மேசை அவர்களுடையது, நாங்கள் கதிரை தூக்க வாறவர்கள் மட்டும்தான். கதிரை தூக்க இன்னும் ஆள் தேவை. விருப்பம் இருந்தால் எங்களுக்கு எழுதுங்கோ, எந்த ஊர் என்றும் சேர்த்து.